துரை பங்களாக் கத்தி: கமாண்டோ குத்துவாள் அசலா என்று பார்ப்பது எப்படி

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், பழைய இரும்புக் கடையிலோ பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலோ ஒரு இராணுவக் குத்துவாள் தலைகாட்டினால் கூடவே ஒரு கதையும் வரும். "துரை பங்களாவுல கிடந்தது அண்ணே", "136ஆம் படைக்காரன் காட்டுல விட்டுட்டுப் போனது". துரை என்றால் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகி, 136ஆம் படை என்பது இரண்டாம் உலகப் போரில் இயங்கிய பிரிட்டிஷ் ரகசியப் படை. இரண்டும் நடந்திருக்கக்கூடியவைதான். 136ஆம் படை 1943இல் நீர்மூழ்கியில் பேராக் கரைக்கு வந்தது. 1948 ஜூன் 16இல் இதே வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டபின், கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை எதிர்த்த அவசரகாலம் பிறந்தது. கதை கேட்க நன்றாக இருக்கட்டும், அதற்குத் தனியாக ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்காதீர்கள்.

அதிகம் போலி செய்யப்படுவது ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி, அதாவது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வைத்திருந்த குத்துவாள். ஷாங்காய் போலீசில் இருந்த இருவர் வடிவமைத்தது. 1940 நவம்பரில் வில்கின்சன் நிறுவனத்தோடு பேசி முடிவானது, முதல் கத்திகள் 1941 ஜனவரியில் வந்தன. முதல் வகையில் கைக்காப்பு, அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்கே நிற்கும் தகடு, 'எஸ்' எழுத்துபோல வளைந்திருக்கும். அலகின் அடியில் தட்டையான ஒரு சிறு பகுதி உண்டு. 1942இல் வந்த இரண்டாம் வகையில் கைக்காப்பு நேரானது, அந்தத் தட்டைப் பகுதி இல்லை. இந்த இரண்டு வகையிலும் பித்தளைப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பு வெட்டியிருக்கும். 1943 கடைசியில் வந்த மூன்றாம் வகையின் பிடி துத்தநாகக் கலவையில் வார்த்தது, வளையம் வளையமாக வரிகள் ஓடும். வளைந்த கைக்காப்புக்கு மேல் வளைய வரிப் பிடி இருந்தால் இரண்டு கத்திகளைக் கூட்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைக் கண்ணாடி, தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர், சின்னக் காந்தம், புறஊதா டார்ச் இருந்தால் போதும்.

எல்லாரும் முதலில் அலகைத்தான் பார்ப்பார்கள். ஏமாற்றுபவனுக்கும் அது தெரியும், அதனால் அவன் உழைப்பு முழுக்க அலகில்தான் இருக்கும். நீங்கள் கைக்காப்பில் தொடங்குங்கள். போருக்குப் பின் ஏற்றுமதிக்காகச் செய்த மூன்றாம் வகைக் கத்திகள் பலவற்றில் கைக்காப்பில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் குத்தியிருக்கும். அதைப் போர்க்காலக் கத்தியாக விற்க அந்த எழுத்தை அரத்தால் தேய்த்துவிடுவார்கள். தேய்த்த இடம் கண்ணுக்குச் சட்டென்று சிக்காது, காலிப்பருக்குச் சிக்கும். கைக்காப்பு இரு பக்கமும் நீட்டும் இரண்டு சிறகிலும் மூன்று மூன்று இடத்தில் தடிமன் எடுங்கள். ஒரு சிறகின் நடுவில் மட்டும் அரை மில்லிமீட்டர் குறைந்தால், அல்லது சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஒரு மெல்லிய பள்ளம் தெரிந்தால், கத்தியைக் கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது பிடியின் நுனி நட்டு. இடுக்கி கவ்விய பல் தடம் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். நீங்களும் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள், இறுகிய நட்டு உடைந்தால் அசல் கத்தியும் பாதி மதிப்புக்கு வரும்.

துரு விஷயத்தில்தான் நம் ஊரில் தனிக் கவனம் வேண்டும். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும். அதில் நனைத்தால் ஒரே இரவில் கத்திக்கு எண்பது வயது ஏறிவிடும். ஆனால் அமிலத் துரு ஆரஞ்சு நிறத்தில் ஒரே சீராகப் படரும், குழிகளும் ஒரே ஆழத்தில் இருக்கும். இயற்கையான துரு கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், உறையின் வாய் அழுத்திய இடத்திலும் கை வியர்வை பட்ட இடத்திலும் தடித்திருக்கும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு மூலையை மட்டும் துடையுங்கள். துணியில் பிரகாசமான ஆரஞ்சு ஏறினால் துரு புதிது. நம் ஈரக்காற்றில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு கறைகூட இல்லாமல் பளபளத்தால் அதுவும் சந்தேகம்தான், துருப்பிடிக்காத எஃகாகவோ புதிதாக முலாம் பூசியதாகவோ இருக்கும். காந்தம் இங்கே உதவாது, கத்திக்கான துருப்பிடிக்காத எஃகிலும் அது ஒட்டும். பிடியில் ஒட்டினால்தான் செய்தி: பித்தளையிலும் துத்தநாகத்திலும் ஒட்டக்கூடாது.

அலகின் நடு முகட்டைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். போர்க்காலத்தில் கையால் தீட்டியதால் கோடு லேசாக ஆடும். ரூலர் வைத்த மாதிரி நேராக ஓடினால் இயந்திர வேலை. முகடு மழுங்கி உருண்டிருந்தால் பஃபிங் சக்கரம் பட்டது. முதல் வகையின் தட்டைப் பகுதியில் ஒரு பக்கம் நிறுவனப் பெயரும் மறுபக்கம் கத்தியின் பெயரும் அமிலத்தால் அரித்து எழுதியிருக்கும். அரித்த எழுத்தின் ஓரம் மென்மையாக, அடி மங்கலாக இருக்கும். லேசர் எழுத்தில் இணைகோடுகளும் கருகிய விளிம்பும் தெரியும். ஆய்வு முத்திரை சுத்தியலால் குத்தியது, அதனால் சுற்றிலும் உலோகம் லேசாக மேடிட்டிருக்க வேண்டும். மேடில்லாமல் எழுத்து மொழுக்கையாக இருந்தால் வார்ப்பு.

தோல் உறையின் தையலில் புறஊதா டார்ச் அடியுங்கள். நூல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் போருக்குப் பிந்திய நூல். சலவைத்தூளில் கழுவிய பழைய நூலும் ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிடியைக் கட்டும் எலாஸ்டிக் பட்டை மாற்றியிருப்பது சகஜம், அதற்காகக் கத்தியைத் தள்ளவேண்டாம்.

ஜப்பானிய முப்பதாம் வகைத் துப்பாக்கிக் கத்தி வந்தால் அலகை அளந்தாலே போதும், 40 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். குறைந்தால் அறுத்தது.

வாங்கியதை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். மலேசியாவின் 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். ரசீதோடு துணியில் சுற்றி நேரே வீட்டுக்குப் போங்கள். வீட்டில் உறைக்குள் வைக்க வேண்டாம். தோலில் உள்ள பதனீட்டு உப்பும் ஈரமும் சேர்ந்து அலகை அரிக்கும். மெல்லியதாக எண்ணெய் தடவி, உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். உலோகத்தைப் பளபளப்பாக்கும் பிரஸ்ஸோ மட்டும் பக்கத்தில் வரக்கூடாது.