கிரேடிங் உறையை மட்டும் நம்பி நாணயம் வாங்காதீர்கள்

நாணயத்தைச் சோதித்து, தர மதிப்பெண்ணோடு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் பிசிஜிஎஸ், என்ஜிசி. அவை 70-க்குத் தரும் மதிப்பெண் பெரிதும் உதவும். ஆனால் அந்த பிளாஸ்டிக் உறையிலேயே போலி வருகிறது. சான்று எண்ணை அந்நிறுவனத் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையான எண்ணையே போலி உறையில் அச்சிடுகிறார்கள்.

1911 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் (அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிந்து திரும்பப் பெறப்பட்டது) உங்களிடம் நல்ல நிலையில் இருந்தால் கிரேடிங்குக்கு அனுப்பலாம். தேய்ந்த 1862 விக்டோரியா ரூபாய்க்குக் கட்டணம் கட்டுப்படியாகாது. முதலில் எடை போடுங்கள்: 11.66 கிராம். தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், கூடினால் சந்தேகம்தான்.

புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்கவே கூடாது, தயவுசெய்து! தேய்த்த நாணயத்தை விளக்கொளியில் சாய்த்தால் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். மதிப்பெண் இல்லாமல் 'டீடெய்ல்ஸ்' (குறையுள்ள நாணயம்) என்று திரும்பி வரும், கட்டிய பணம் போனதுதான்.