பித்தளைக் கப் விரிசல் விடாமல் இருக்க: பிரஸ் பட்டறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரஸ்ஸிலிருந்து பளபளவென்று இறங்கிய பித்தளைக் கப், ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்குப் போய்ச் சில வாரம் கழித்து, விளிம்பிலிருந்து நெடுக்காகப் பிளந்து திரும்பி வரும். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் தகட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ரிஜெக்‌ஷன் நன்றாகவே தெரியும். பழி முதலில் தகட்டின் மேல்தான் விழும். தகடு மோசமாக வருவதும் உண்டு. ஆனாலும் பல விரிசல்களுக்கு, தகடு நம் பட்டறைக்குள் வந்த பிறகு நடந்த வேலைதான் காரணம்.

தகட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகட்டை டை என்னும் அச்சுக்குள் அழுத்திக் கப் போல ஆழமாக இழுக்கும் வேலைக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உள்ள பித்தளை வேண்டும். துப்பாக்கித் தோட்டாவின் கூடு செய்வதும் இதில்தான். 63/37 விலை குறைவு, ஆழமில்லாத வேலைக்குப் போதும். லேத்துக்கென்று ஈயம் கலந்து வரும் பித்தளையை மட்டும் டைக்குள் விடாதீர்கள். கடைசலுக்கு அருமையாக இருக்கும், இழுத்தால் பிளக்கும். ஐ.எஸ். 410 என்ற இந்தியத் தரநிலையில் எந்த வகை என்று பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

அடுத்தது, ஒரே இழுப்பில் முழு ஆழத்தையும் எடுத்துவிடப் பார்ப்பது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாங்க்கை, அதாவது வட்டமாக வெட்டிய தகட்டை, முதல் இழுப்பிலேயே 55 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கீழே கொண்டுபோனால் அடிமூலை மெலிந்து கிழியத் தொடங்கும். அதற்கடுத்த இழுப்புகளில் இன்னும் குறைவாகத்தான் சுருக்க முடியும். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை கெட்டிப்படுவதால் நடுவில் அனீலிங், அதாவது சூடாக்கி மென்மையாக்குவது, தேவை.

அந்த அனீலிங்கில்தான் அதிகம் கெடுகிறது. பர்னரை வைத்து, தகடு சிவந்ததும் நிறுத்துவது வழக்கம். 70/30 பித்தளை 450 முதல் 550 டிகிரி செல்சியசுக்குள்ளேயே நன்றாக மென்மையாகிவிடும். அந்தச் சூட்டில் வரும் மங்கிய சிவப்பு இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். சென்னை மத்தியான வெயிலில், ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு சிவப்பைத் தேடினால், அது தெரியும்போது சூடு எல்லை மீறியிருக்கும். உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் (கிரெயின்) பெருத்துவிடும். அடுத்த இழுப்பில் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும், பாலிஷ் எவ்வளவு போட்டாலும் போகாது. இன்னும் சூடேறினால் துத்தநாகம் வெண்புகையாக வெளியேறும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். ஆகவே நிழலில் சூடாக்குங்கள். குறித்த சூட்டில் உருகும் டெம்பரேச்சர் கிரேயான் ஒன்று, முடிந்தால் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்று வாங்கி வையுங்கள். கண்ணை நம்பி விடவேண்டிய வேலை இதுவல்ல.

எஃகுப் பழக்கத்தில் சிலர், தண்ணீரில் போட்டால் பித்தளை கெட்டியாகும் என்று பயந்து மெல்ல ஆறவிடுவார்கள். 70/30 பித்தளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

முழுப் பொருளையும் மென்மையாக்குவதும் தவறாகலாம். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தருகே ஒரு நீலச் சாயல் தெரியும். வாய்ப்பகுதியை மட்டும் சூடாக்கியதன் தடம் அது. அழுத்தத்தைத் தாங்கவேண்டிய அடிப்பகுதியைக் கெட்டியாகவே விட்டுவிடுவார்கள். உங்கள் ஜாபிலும் மரை வரும் இடமும் சுமை தாங்கும் இடமும் எது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, வாரம் கழித்து வரும் பிளவு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, காற்றின் ஈரம், இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம், மூன்றும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அமோனியாவும் நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது: கழிவறையை ஒட்டிய ஸ்டோர், யூரியா மூட்டை, சில கண்ணாடித் துடைப்பான்கள், சில பித்தளைப் பாலிஷ்கள். முடித்த சரக்கை இவற்றிலிருந்து தள்ளி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

ஈரத்தை நாம் நிறுத்த முடியாது. உள்ளே தங்கிய இறுக்கத்தை எடுக்க முடியும். வேலை முடிந்த பொருளை 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுக்கம் தளர்ந்துவிடும், கெட்டித்தன்மை பெரிதாகக் குறையாது. கேஸ் செலவு என்று பலர் விட்டுவிடும் படி இது. ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

சந்தேகமிருந்தால் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சாம்பிளை எடுத்து அமோனியா ஆவிச் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 24 மணி நேரம் ஆவியில் வைத்துப் பார்ப்பார்கள், இறுக்கம் மிச்சமிருந்தால் விரிசல் காட்டிவிடும். விளிம்பு மடித்து, எம்போஸ் அடித்து முடித்த பொருளையே சாம்பிளாகக் கொடுங்கள். கடைசியில் செய்யும் அந்த மடிப்புகூடப் புதிதாக இறுக்கத்தைச் சேர்க்கும்.