பழைய கேம்கள் புதிய கன்சோலில் ஓடுமா: பலரும் செய்யும் தவறுகள்

புதிய தலைமுறை கேம் கன்சோல் ஒன்றை வாங்கலாம் என்று நினைத்தவுடன் நம்மில் பலர் முதலில் கேட்பது, கையில் இருக்கும் பழைய கேம்கள் அதில் ஓடுமா என்பதைத்தான். "ஓடும்" என்று பதில் வந்ததும் மனம் நிம்மதியடைந்துவிடுகிறது. அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. பின்னோக்கிய இணக்கம் எனப்படும் இந்த வசதி பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. கன்சோலைப் பற்றிப் பொதுவாக ஒரு பதில் சொல்லிவிடலாம். ஆனால் நம்மிடம் உள்ள ஒவ்வொரு கேமுக்கும், அதை வட்டாக வாங்கினோமா பதிவிறக்கமாக வாங்கினோமா என்பதற்கும், நாம் விளையாடி முன்னேறியதைப் பதிந்து வைக்கும் அதன் சேவ் கோப்புக்கும், அதை விளையாடப் பயன்படும் கன்ட்ரோலருக்கும் தனித்தனியாகவே பதில் தேட வேண்டும்.

இவற்றுள் மிகவும் வருத்தம் தரும் தவறு, பழைய கன்சோலை அவசரப்பட்டு விற்றுவிடுவது. இதை நானே அனுபவித்திருக்கிறேன். புதிய கன்சோல் வந்த அன்று பழைய வட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கேம் நிறுவப்பட்டது, தொடக்கத் திரை வந்தது, பழகிய இசையும் ஒலித்தது. இது போதும் என்று எண்ணி, மறுநாளே பழைய கன்சோலில் இருந்த அனைத்தையும் அழித்து விற்றுவிட்டேன். வார இறுதியில் ஆற அமர விளையாட உட்கார்ந்தபோது, திரையில் 'புதிய ஆட்டம்' என்ற வரி மட்டும் ஒளிர்ந்தது. 'தொடர்க' என்ற வரி மங்கிக் கிடந்தது. 90 மணி நேரத்துக்கும் மேலாக நான் வளர்த்தெடுத்த பாத்திரம், திறந்து வைத்த வரைபடம், சேர்த்த ஆயுதங்கள் எதுவும் அந்த வட்டில் என்றுமே இருந்ததில்லை. அவை இருந்த சேமிப்பகத்தை நானே என் கையால் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

கேம் ஓடுவது வேறு, சேவ் வந்து சேர்வது வேறு என்பது இன்று நேற்று ஏற்பட்ட நிலை அன்று. 2000ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 2, முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளை ஏற்றுக்கொண்டது; ஆனாலும் அந்தப் பழைய கேம்களில் சேவ் செய்வதற்குப் பழைய மெமரி கார்டையே செருக வேண்டியிருந்தது. இன்று கார்டு இல்லையென்றாலும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4இலிருந்து 5க்கு மாறுபவர் சேவ் கோப்புகளை வீட்டு நெட்வொர்க் வழியாக நேரடியாக மாற்றலாம். யூஎஸ்பி கருவியில் நகலெடுத்துக் கொண்டுவரலாம். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் இணையச் சேமிப்பிடமான கிளவுடில் ஏற்றி இறக்கலாம். இவற்றுள் முதல் இரண்டு வழிகளுக்கும் பழைய கன்சோல் கையில் இருந்தாக வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்சைப் பொறுத்தவரை, ஸ்பிளட்டூன் 2 போன்ற சில கேம்களின் சேவ் கிளவுடில் ஏறுவதே இல்லை. எனவே சந்தா கட்டியிருக்கிறேன், எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறது என்று நம்பிப் பழைய ஸ்விட்சை அழித்தவர் சிலவற்றை நிச்சயம் இழப்பார்.

இதிலேயே இன்னொரு கிளையும் உண்டு. பழைய கேமின் புதிய தலைமுறைப் பதிப்பு, பழைய பதிப்பின் சேவ் கோப்பைத் தானாகவே படித்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது அந்தக் கேமை உருவாக்கியவர்களின் முடிவைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 5க்கு மெருகேற்றப்பட்டு வந்த ஸ்பைடர்மேன் கேமுக்கு, பழைய சேவ் கோப்புகளைக் கொண்டுவர முடியாது என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது; விளையாடுவோரின் வருத்தம் வெளிப்பட்ட பிறகே, சேவ் கோப்பை ஏற்றுமதி செய்யும் வசதி பழைய பதிப்புக்கு வழங்கப்பட்டது. எல்லா நிறுவனங்களும் இப்படி இறங்கி வருவதில்லை.

ஒரே பெயரில் வரும் எல்லாக் கன்சோல்களிலும் ஒரே வசதி இருக்கும் என்று எண்ணுவது அடுத்த பெரிய தவறு. இதற்கு பிளேஸ்டேஷன் 3ஐ விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2006 நவம்பரில் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் வந்த 20 ஜிபி, 60 ஜிபி மாடல்களுக்குள் பிளேஸ்டேஷன் 2இன் முதன்மைச் செயலியும் கிராஃபிக்ஸ் சிப்பும் உண்மையாகவே பொருத்தப்பட்டிருந்தன. ஒரு கன்சோலுக்குள் இன்னொரு கன்சோலையே வைத்தது போன்ற ஏற்பாடு அது. 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த மாடலில் அந்தச் செயலி நீக்கப்பட்டு, அதன் வேலையை மென்பொருள் செய்தது. அதனால் ஓடும் கேம்களின் எண்ணிக்கை குறைந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த 40 ஜிபி மாடலில் பிளேஸ்டேஷன் 2 வட்டுகளுக்கான வசதியே இல்லை. பெட்டியின் மேல் இருந்த பெயர் மட்டும் மாறவில்லை. நிண்டெண்டோவின் வீ (Wii) கன்சோலிலும் இதுதான் நடந்தது: 2006ஆம் ஆண்டு மாடல் அதற்கு முந்தைய கன்சோலான கேம்கியூபின் வட்டுகளை ஏற்றது, 2011இல் வந்த மறுவடிவம் ஏற்கவில்லை. எனவே பழைய பொருளாகக் கன்சோல் வாங்குபவர் பெயரை விட்டுவிட்டு, பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் மாடல் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய கன்சோல்களில் இந்த வேறுபாடு, வட்டைச் செருகிப் படிக்கும் பகுதியான வட்டு இயக்கியில் வெளிப்படுகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5இன் டிஜிட்டல் பதிப்பு, 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோ ஆகியவற்றுடன் வட்டு இயக்கி வருவதில்லை. இவை பழைய கேம்களை ஓட்டக்கூடியவைதான். ஆனால் அலமாரி நிறைய வட்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்தத் திறனால் பயன் இல்லை. வட்டைக் காட்டிப் பதிவிறக்க உரிமை பெறும் வழியும் கிடையாது. பிளேஸ்டேஷன் 4 வட்டுக்கு இலவசமாக வழங்கப்படும் பிளேஸ்டேஷன் 5 மேம்படுத்தலுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும்: மேம்படுத்திய பிறகும் விளையாடும்போதெல்லாம் வட்டு உள்ளே இருக்க வேண்டும். தனியாக வாங்கிப் பொருத்தும் வட்டு இயக்கி சில மாடல்களுக்கு உண்டு என்றாலும், அதை முதன்முறை இணைக்கும்போது இணையத் தொடர்பு தேவைப்படும்.

வட்டைப் போட்டால் வட்டிலிருந்தே கேம் ஓடும் என்பதும் முழு உண்மை அன்று. எக்ஸ்பாக்ஸ் 360 வட்டை எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலோ சீரிஸ் எக்ஸிலோ போடும்போது, அந்த வட்டு சாவியாக மட்டுமே பயன்படுகிறது. புதிய கன்சோலில் ஓடும்படி மாற்றிக் கட்டப்பட்ட, அதாவது மறுபொதி செய்யப்பட்ட கேம் இணையத்திலிருந்து பதிவிறக்கப்படுகிறது. ஆகையால் இணையத் தொடர்பு இல்லாத இடத்துக்குக் கன்சோலையும் வட்டுகளையும் மட்டும் எடுத்துச் செல்பவர் கேம்களை முன்கூட்டியே நிறுவிக்கொள்ள வேண்டும்.

மறுபொதி ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துகொண்டால், வேறு சில தவறுகளும் தாமாகவே விலகும். 360இன் செயலி பவர்பிசி வகையைச் சேர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் செயலி நம் கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகை. ஒன்றுக்காக எழுதப்பட்ட கட்டளைகள் மற்றொன்றுக்குப் புரியா. எனவே பழைய இயந்திரத்தை முழுவதுமாக மென்பொருளில் போலச்செய்து, ஒவ்வொரு கேமையும் சோதித்து, உரிமையாளரின் அனுமதியும் பெற்று வெளியிட்டனர். 2015இல் தொடங்கிய அந்தப் பணி 2021 நவம்பரில் கடைசியாக 76 கேம்கள் சேர்க்கப்பட்டதுடன் நிறைவு பெற்றது. உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகியவற்றின் எல்லையை எட்டிவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அப்போது தெரிவித்தது. தமக்குப் பிடித்த கேம் பட்டியலில் இல்லாவிட்டாலும் பின்னர் வந்துவிடும் என்று காத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். பந்தயக் கார்களின் பெயர்களும் பாடல்களும் நிறைந்த கேம்களில், அவற்றுக்கான உரிமங்கள் காலாவதியான பின் தொழில்நுட்பம் மட்டும் இருந்து பயனில்லை. அத்தகைய கேமுக்காகப் பழைய 360ஐ வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

பிளேஸ்டேஷன் 3இல் இருந்த 'செல்' (Cell) என்ற செயலி இதைவிடவும் விசித்திரமான அமைப்பு உடையது. அதனால்தான் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டுமே பிளேஸ்டேஷன் 3 வட்டுகளை ஏற்பதில்லை. ஆனால் 4க்கும் 5க்கும் செயலிக் குடும்பம் ஒன்றே. அதனால் பெரும்பான்மையான கேம்கள் ஓடுகின்றன. அப்படியிருந்தும் அது தானாக அமைந்துவிடவில்லை. பிளேஸ்டேஷன் 4 புரோவின் கிராஃபிக்ஸ் சிப்பில் 36 கணிப்பு அலகுகள் இருந்தன. 5இலும் அதே எண்ணிக்கைதான், வேகம்தான் கூடியது. வேகம் மிகவும் கூடும்போது சில கேம்களின் நிரல் தடுமாறுகிறது என்றும், ஒவ்வொன்றாகச் சோதித்தே ஆக வேண்டும் என்றும் அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் விளக்கினார். குறிப்பிட்ட வேகத்துக்கு ஏற்பத் தாளம் கட்டி எழுதப்பட்ட கேமுக்கு, கூடுதல் வேகமே இடைஞ்சலாகிவிடக்கூடும்.

புதிய கன்சோலில் ஓடுவதாலேயே கேம் மேம்பட்டுவிடும் என்ற எதிர்பார்ப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நொடிக்கு 30 படங்கள் என்று கேமுக்குள்ளேயே வரம்பிட்டிருந்தால், எவ்வளவு திறமையான கன்சோலிலும் அது 30தான். ஏற்றும் நேரம் குறையலாம், தடுமாற்றம் நிற்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்தக் கேமைத் திருத்தும் தனி இணைப்பு (பேட்ச்) வெளிவர வேண்டும், அல்லது எக்ஸ்பாக்ஸில் 2021இல் அறிமுகமான, நொடிக்கான படங்களைக் கூட்டித் தரும் எஃப்பிஎஸ் பூஸ்ட் போன்ற வசதிக்குள் அந்தக் கேம் இடம்பெற்றிருக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிளேஸ்டேஷன் 5 வந்த புதிதில், இரு தலைமுறைப் பதிப்புகளும் உள்ள கேம்களில் பலர் தெரியாமல் பழைய பதிப்பையே நிறுவி, வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்று குறைபட்டனர். கேமின் படத்துக்கு அருகில் எந்தத் தலைமுறையின் பெயர் காட்டப்படுகிறது என்று ஒருமுறை பார்த்தாலே போதும்.

சேமிப்பகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிளேஸ்டேஷன் 4 கேம்களை யூஎஸ்பி ஹார்டு டிஸ்கில் வைத்து அங்கிருந்தே 5இல் விளையாட முடியும். பிளேஸ்டேஷன் 5 கேம்களை அதில் வைக்கலாம், விளையாட முடியாது. எனவே பழைய கேம்களைக் கன்சோலின் உள் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் அடைத்துவிட்டு இடமில்லை என்று தவிக்க வேண்டியதில்லை. எக்ஸ்பாக்ஸிலும் ஏறத்தாழ இதே நிலைதான். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2இல் இது மாறுகிறது: 2025 ஜூனில் வந்த அந்தக் கன்சோலில் கேம்களை வைக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகை அட்டை வேண்டும், பழைய ஸ்விட்சில் இருந்த அட்டையைச் செருகினால் அதிலுள்ள படங்களையும் காணொளிகளையும் மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும், பழைய கேம்களைக்கூட அதிலிருந்து ஓட்ட முடியாது.

கன்ட்ரோலரைப் பலர் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4ஐக் கொண்டு பிளேஸ்டேஷன் 5இல் பழைய கேம்களை விளையாடலாம், புதியவற்றை முடியாது. உடலசைவை உணரும் கினெக்ட் கேமராவை நம்பிய கேம்களை எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்கள் ஏற்பதில்லை. ஸ்விட்ச் 2உடன் வரும் ஜாய்கான் 2 என்ற கன்ட்ரோலர்களில் அகச்சிவப்புக் கேமரா இல்லாததால், அந்தக் கேமராவைப் பயன்படுத்தும் கேம்களுக்குப் பழைய ஜாய்கான்களைக் கம்பியில்லாமல் இணைக்க வேண்டும். அவற்றைப் புதிய கன்சோலின் பக்கவாட்டில் பொருத்திச் சார்ஜ் செய்யவும் இயலாது. பழைய கன்சோலையோ தனிச் சார்ஜரையோ வைத்திருக்க வேண்டும்.

இன்று நான் கன்சோல் மாற்றினால், இரண்டையும் ஒரு மாதமாவது அருகருகே வைத்திருப்பேன். இருக்கும் கேம்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் புதியதில் திறந்து, தொடக்கத் திரையோடு நில்லாமல் பழைய சேவ் கோப்பை ஏற்றி, சிறிது தூரம் நடந்து, மீண்டும் சேவ் செய்து பார்த்த பிறகே அதற்கு நேராகக் குறியிடுவேன். எல்லாம் முடிந்தபின் பழைய கன்சோலில் என் கணக்குக்கு இருக்கும் முதன்மை உரிமையையும் விலக்குவேன். எக்ஸ்பாக்ஸில் ஒரு கணக்குக்கு ஒரே கன்சோல்தான் வீட்டுக் கன்சோலாக இருக்க முடியும். அந்த இடத்தைப் பழையதிலேயே விட்டுவிட்டால், இணையம் துண்டிக்கப்பட்ட நாளில் நாம் பணம் கொடுத்துப் பதிவிறக்கிய கேம்கள் புதிய கன்சோலில் திறக்க மறுக்கும்.