வீட்டு நெட் வேகத்தை நாமே அளப்பது எப்படி?

"100 எம்பிபிஎஸ் பிளான்தான், ஆனாலும் வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு" என்று போன் போட்டால், "எங்க பக்கம் சரியாத்தானே வருது" என்பார்கள். காவேரிப்பட்டினம், பாலக்கோடு பக்கம் கேபிள்காரர் மூலம் பைபர் இணைப்பு வாங்கிய பலருக்கும் இது பழகிப்போன பேச்சு. (எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் டேட்டா வருகிறது என்ற வேக அளவு.) தேதி, நேரத்தோடு எழுதி வைத்த கணக்கு கையில் இருந்தால் இப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

முதலில் வைஃபையை ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில், ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீடு எவ்வளவு என்று பாருங்கள். அங்கே 100 என்று இருந்தால், 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் 95க்கு மேல் ஏறுவது கஷ்டம். பழைய கேபிளோ, 100 வரை மட்டுமே தாங்கும் போர்ட்டோதான் காரணம். அதற்குக் கேபிள்காரரைத் திட்டுவது நியாயமில்லை. போன் மட்டும்தான் இருக்கிறதா? சரி, ரவுட்டர் பக்கத்திலேயே நின்று 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அளங்கள். டிவி, சிசிடிவி, மற்ற போன்கள் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது சர்வர், அதாவது வேகத்தை அளக்க நம் கருவி டேட்டா அனுப்பி வாங்கும் எதிர்முனைக் கணினி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வேகம் அளக்கும் ஊக்லா ஸ்பீட்டெஸ்ட் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல நேரம் உங்கள் நிறுவனமே வைத்திருப்பது. அதில் வருவது உங்கள் வீட்டிலிருந்து அவர்கள் நெட்வொர்க்குக்குள் உள்ள வேகம் மட்டுமே. சர்வரை மாற்றும் வசதியைத் தொட்டு, வேறு நிறுவனத்தின் சர்வர் பெங்களூரில் ஒன்று, சென்னையில் ஒன்று எடுங்கள். கிருஷ்ணகிரிக்குப் பெங்களூர்தான் கிட்ட என்றாலும், டேட்டா சென்னை சுற்றிப் போகலாம். அதனால் சென்னையின் பிங் (டேட்டா சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) குறைவாக வந்தால் குழம்ப வேண்டாம். அப்புறம் எம்-லேப் என்ற இன்னொரு வேகச் சோதனையிலும் ஒருமுறை பாருங்கள். அதன் சர்வர்கள் இணைப்பு தரும் நிறுவனங்களின் நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பவை. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வேகச் சோதனையில் ஜிட்டரும் (பிங் நேரம் ஏறி இறங்குவது) பாக்கெட் இழப்பும் (அனுப்பிய டேட்டாவில் வந்து சேராமல் போவது) தெரியும். வேகம் நன்றாக இருந்தும் வீடியோ கால் விட்டு விட்டு வந்தால், பார்க்க வேண்டியது அந்த இரண்டையும்தான்.

காலை 6 மணி, மதியம், இரவு 9 மணி என ஒரு வாரம் அளந்து, சர்வர் பெயர், டவுன்லோடு, அப்லோடு, பிங் நான்கையும் குறித்து வையுங்கள். காலையில் 90, ராத்திரியில் 20 என்றால் பெரும்பாலும் உங்கள் பகுதியில் நெரிசல். எந்நேரமும் 20 என்றால் லைன், ரவுட்டர், பிளான் செட்டிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாத டேட்டா வரம்பு முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். ஒரு சின்னக் கணக்கு: 8 மெகாபிட் சேர்ந்தால் 1 மெகாபைட். அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஃபைல் இறங்கும்போது நொடிக்கு 12 மெகாபைட் காட்டினால், அது முழு வேகம்தான்.

மொபைல் நெட் வேகத்தை அளக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு ஆப் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 நொடி சோதித்தாலே 125 மெகாபைட் போய்விடும், தினசரி டேட்டா பேக் வைத்திருப்பவர்கள் கவனம்.

கணக்கு தயாரானதும் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.