வீட்டோரம் ஆந்தை குடிவந்தால்

ஆந்தை வந்துவிட்டது என்பது கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். நள்ளிரவில் கோணித்துணியைக் கிழித்த மாதிரி ஒரு கிறீச்சல் கேட்டால் அது கூகை என்ற ஆந்தை. வெளிறிய உடம்பு, இதய வடிவில் தட்டையான முகம். குஞ்சு பொரித்துவிட்டால் இன்னொரு சத்தமும் சேரும், டயரில் காற்று இறங்குவதுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று விடிய விடிய. முதல் தடவை அதைக் கேட்டபோது கொட்டகைக்குள் பாம்பு என்று நினைத்து நான் தடியோடு போய் நின்றேன். பரணிலிருந்து மூன்று வெள்ளை முகங்கள் தலையை வட்டமாக ஆட்டி ஆட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தச் சத்தம் இரண்டு மாதத்துக்குமேல் ஓடும், கூகைக் குஞ்சு ஒழுங்காகப் பறக்கவே எட்டிலிருந்து பத்து வாரம் ஆகும். படுக்கை அறை ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், வேறு வழி இல்லை. விரட்டவும் கூடாது. கூட்டைக் கலைப்பதும் குஞ்சை எடுத்து வளர்ப்பதும் பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

சரி, செய்ய வேண்டியதில் முதல் வேலை எலி மருந்தை நிறுத்துவது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். புரோமாடியோலோன், புரோடிஃபாக்கம் போன்ற மருந்தைத் தின்ற எலி அன்றைக்கே சாவதில்லை. ரத்தம் உறையும் தன்மை கெட்டு, உள்ளுக்குள்ளேயே கசிந்து, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும், அப்படித் திரிகிற எலிதான் ஆந்தைக்குச் சுலபமாக மாட்டும். ஒரு எலியைத் தின்று ஆந்தை சாகாவிட்டாலும் மருந்து அதன் ஈரலில் மாதக்கணக்கில் தங்கி, அடுத்தடுத்த எலிகளோடு சேர்ந்துகொண்டே போகும். ஒரு கூகை ராத்திரிக்கு மூன்று நான்கு எலி தின்னும், குஞ்சு இருந்தால் அதற்கு மேலும் பிடித்துவரும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இஸ்ரேலின் வயல்களிலும் கூட்டுக்குப் பெட்டி வைத்துக் கூகையை வரவழைப்பது இதற்காகத்தான். ஆந்தையையும் வைத்துக்கொண்டு மருந்தையும் வைத்தால், நமக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவருக்கு நாமே விஷம் வைத்த கதைதான். தானியத்தை மூடியுள்ள தகர டிரம்மில் போடுங்கள், சுவர் ஓட்டைகளை அடையுங்கள், பொறி வைப்பதானால் எலி மட்டும் நுழைகிற மாதிரி ஒரு பெட்டிக்குள் வையுங்கள். ஒட்டும் அட்டையை வெளியில் வைக்கவே வேண்டாம், எலியைப் பிடிக்க இறங்குகிற ஆந்தையும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. இது பலருக்கும் தோன்றுவதே இல்லை. சத்தமில்லாமல் பறப்பதற்கென்றே அமைந்த மெத்தென்ற இறகு, நனைந்தால் கனத்துப் போகும். குளிக்கவோ குடிக்கவோ இறங்கிய கூகை, வழுவழுப்பான சிமெண்ட் விளிம்பில் பிடி கிடைக்காமல் மூழ்கிவிடும். ஒரு பழைய பலகையை மிதக்க விடுங்கள், அல்லது செங்குத்தாக இல்லாமல் சரிவாகச் சாய்த்து வையுங்கள், போதும். அதேபோல் பழமரத்துக்குப் போட்ட வலை, பிள்ளைகளின் பந்து வலை இவற்றைப் பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுங்கள். வெளிவிளக்கு இரவெல்லாம் எரிய வேண்டியதில்லை.

கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒரே பதில்: இருட்டுவதற்குள் கூண்டில் அடைத்துவிடுங்கள். கூகையின் எடை அரைக்கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், வளர்ந்த பூனையையோ நாயையோ அது தொடாது. பெரிய கொம்பன் ஆந்தை இருக்கிற இடமென்றால் பூனைக்குட்டியையும் சிறு நாயையும் ராத்திரியில் உள்ளே வைப்பது நல்லது.

குஞ்சு இருக்கும் காலத்தில் கூடு இருக்கும் மரத்துக்குக் கீழே நடக்காமல் சுற்றிப் போங்கள். சில வகை ஆந்தைகள் பின்னாலிருந்து தலையைக் குறிவைத்து வரும், வருவதே தெரியாது. எரிக் ஹாஸ்கிங் என்ற பிரிட்டிஷ் பறவைப் புகைப்படக்காரருக்கு 1937இல் ஒரு ஆந்தை தாக்கி இடது கண்ணே போயிற்று. போயே ஆக வேண்டுமென்றால் குடை பிடித்துக்கொண்டு போங்கள், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். படமெடுக்க டார்ச் அடிப்பது, போனில் ஆந்தைக் குரல் போட்டு வரவழைப்பது, இரண்டும் வேண்டாம்.

தரையில் குஞ்சு கிடந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பல வகைகளில் பறக்கத் தெரிவதற்கு முன்பே குஞ்சுகள் கிளைக்கு இறங்கிவிடும், தவறி விழுவதும் உண்டு, பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். சிறகை விசிறி மாதிரி விரித்து அலகை ‘டக் டக்’கென்று தட்டி மிரட்டுகிறதென்றால் நல்ல தெம்போடுதான் இருக்கிறது. பூனை நாய் தொல்லை இருந்தால், தடித்த துணியால் பிடித்துப் பக்கத்துக் கிளையில் உயரமாக வைத்துவிட்டு விலகிவிடுங்கள். நகத்தைக் கவனியுங்கள், அலகைவிட அதுதான் ஆபத்து. கூகைக் குஞ்சு மட்டும் இதில் சேராது, அதற்குத் தரையில் ஊட்டப் பெற்றோர் பெரும்பாலும் வருவதில்லை. அதைத் திரும்பக் கூட்டிலேயே வைக்க வேண்டும். ரத்தம், தொங்கும் சிறகு, மூடிய கண் என்றால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் போட்டு, இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, வனத்துறைக்கோ காட்டுயிர் மீட்புக் குழுவுக்கோ சொல்லுங்கள். பால் ஊற்றாதீர்கள், தீனியும் திணிக்காதீர்கள். வீட்டுக்குள் ஆந்தை நுழைந்துவிட்டால் விளக்கை அணைத்து, ஜன்னல்களை அகலத் திறந்து, நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

ஆந்தை கூட்டுக்குப் பெட்டி வைக்க ஆசை இருந்தால்: கூகைக்கு வாசல் 13 செ.மீ. சதுரம், வாசலின் அடிவிளிம்பிலிருந்து பெட்டியின் அடிப்பலகை வரை குறைந்தது 45 செ.மீ. ஆழம். ஆழம் குறைந்தால் குஞ்சு முதிராமலே வாசலுக்கு ஏறி விழுந்துவிடும். கடையில் வாங்கும் பல பெட்டிகளில் இந்தக் கோளாறுதான். தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல், வண்டி ஓடும் சாலையிலிருந்து தள்ளி மாட்டுங்கள். வைக்கோல் திணிக்க வேண்டாம். அது கூடு கட்டுவதில்லை, தான் கக்கிய உருண்டைகள் நொறுங்கியதிலேயே முட்டையிடும்.

அந்த உருண்டை ஒரு வேடிக்கையான பொருள். எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் கட்டைவிரல் அளவில் உருட்டிக் கக்கிவிடும். புதிதாக விழுந்தது கறுத்து, மினுக்கென்று இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் மண்டையோடு, தாடை, மஞ்சள் படிந்த முன்பற்கள் என்று ஒவ்வொன்றாக வரும். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு மத்தியானமே போய்விடும், கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பரணைக் கூட்டுவதாக இருந்தால் குஞ்செல்லாம் பறந்த பிறகு, தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு.

பெட்டி மாட்டிய வாரமே எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். என் பெட்டியில் முதல் வருஷம் தேனீ, அடுத்த வருஷம் அணில். மூன்றாவது வருஷம் ஒரு காலையில் அதன் அடியில் கறுப்பாக, ஈரம் காயாமல் ஒரு உருண்டை கிடந்தது.