பழைய காரின் வினைல் கூரையை நீக்கி வண்ணம் பூசுவது எப்படி

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வெளிவந்த ஃபோர்டு கார்ட்டினா, டிரையம்ஃப் டாலமைட் போன்ற கார்கள் பலவற்றில், மடக்குக் கூரைக் காரின் தோற்றம் வரவேண்டும் என்பதற்காகக் கூரைத் தகட்டின்மேல் வினைல் உறையை ஒட்டித் தந்தார்கள். அந்த உறை சிங்கப்பூர் வெயிலில் சுருங்கி, தையல் விட்டு, ஓரங்களில் பிரிந்த பிறகு, அதை எடுத்துவிட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று உரிமையாளர்கள் நினைப்பது இயல்பு. செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பெயின்ட் அடிப்பது இதில் கடைசியாக வரும் சிறு பகுதி. செலவையும் காலத்தையும் தீர்மானிப்பது உறைக்குக் கீழே இருக்கும் தகடு. அதைக் கண்ணால் பார்க்கும்வரை வண்ணம் வாங்கவும் வேண்டாம், பட்டறையில் மொத்தத் தொகை பேசி முடிக்கவும் வேண்டாம்.

உறையை எடுப்பது சரிதானா என்பதையும் முதலிலேயே யோசித்துவிட வேண்டும். 1973இல் அறிமுகமான டாலமைட் ஸ்பிரின்ட் போல, வினைல் கூரையே அடையாளமாக அமைந்த கார்களில் புதிய வினைலை ஒட்டுவதுதான் முறை என்பது என் கருத்து. விருப்பத் தேர்வாக மட்டும் வினைல் வந்த மாடல் என்றால் தயங்க வேண்டியதில்லை; அதே மாடல் வண்ணக் கூரையுடனும் ஆலையிலிருந்து வெளிவந்திருக்கும்.

உறையைக் கிழிப்பதற்கு முன்பே தகட்டின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம். பின்கண்ணாடியின் கீழ் மூலைகள், மழைநீர் வடியும் ஓரக்கால்வாய், அலங்காரப் பட்டைகளின் அடி ஆகிய இடங்களில் வினைலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மணல்போல நெறுநெறுத்தாலோ கொப்புளம்போல உப்பியிருந்தாலோ அங்கே துரு பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். பழங்காலக் கார் திட்டத்தின்கீழ் பதிவான கார்களை ஆண்டுக்கு 45 நாள்கள்தான் சாலையில் ஓட்ட முடியும் என்பதால், அவை பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன. தையல் வழியே இறங்கிய நீர் உலர வழியின்றி வினைலுக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கிவிடுகிறது. அதிகம் ஓடாத கார் என்பது இந்த விஷயத்தில் பாதுகாப்பு அல்ல.

வேலை தொடங்கும்போது அலங்காரப் பட்டைகளையும் முன், பின் கண்ணாடிகளையும் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியை அப்படியே விட்டு மறைப்புநாடா ஒட்டிப் பெயின்ட் அடித்தால், ரப்பருக்கு அடியில் இருக்கும் துரு புதுப் பெயின்டைப் பின்னாலிருந்து தூக்கிவிடும். பழைய ரப்பரை வெட்டி எடுத்துவிட்டால் கண்ணாடியை நெம்பாமல் வெளியே எடுக்கலாம். எப்படியும் புது ரப்பர்தான் போடப் போகிறோம். பிறகு வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே வினைலை ஓரத்திலிருந்து உரிக்கலாம். தகட்டில் ஒட்டியிருக்கும் பழைய பசையைக் கிரைண்டரால் தேய்க்கக் கூடாது. சூட்டில் அது இளகிச் சக்கரத்தை அடைத்துக்கொண்டு கூரை முழுவதும் பரவும். பசை நீக்கும் திரவத்தில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, துணியை அடிக்கடி மாற்றித் துடைப்பதே நல்லது.

இனித்தான் உண்மையான வேலை. கூரைத் தகடும் பின்தூணும் சேரும் இடத்தில் வெல்டிங் இணைப்பு ஒன்று இருக்கும். வண்ணக் கூரையுள்ள கார்களில் ஆலையிலேயே அதை ஈயக்கலவையால் நிரப்பி, அரத்தால் சமப்படுத்தியிருப்பார்கள்; வினைல் போர்த்தப்போகும் கார்களில், எப்படியும் மறையப்போகிறது என்பதால், சிலவற்றில் அந்த இணைப்பைச் சரிவர முடிக்காமலே விட்டிருப்பார்கள். பட்டைகளைப் பிடித்திருந்த கொண்டைகளும் ஆணித் துளைகளும் வேறு இருக்கும். துளைகளைப் பட்டியால் அடைத்தால் நீர் கீழிருந்து ஏறி ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளமாகும்; பின்னால் செப்புத் தகட்டை அண்டக் கொடுத்து வெல்டிங்கால் மூடுவதே நிலைக்கும். அதற்கு உட்கூரைத் துணியைக் கழற்ற வேண்டும், பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஈயம் நிரப்பிய இணைப்பை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு நஞ்சு.

துருவை நீக்க மணல் வீச்சு முறையைக் கூரையில் பயன்படுத்த வேண்டாம். பரந்த மெல்லிய தகடு அந்த அடியிலும் சூட்டிலும் நெளிந்துவிடும், நெளிந்த கூரையை மீண்டும் நேராக்குவது மிகக் கடினம். வெல்டிங்கும் அப்படித்தான்: ஒரே கோடாக ஓட்டாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

வெறும் தகடு நம் ஊர்க் காற்றில் மிக விரைவில் மேல்துரு பூக்கும். ஆகவே சுத்தம் செய்த அன்றே, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமரை அடித்துவிட வேண்டும். விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவதும், மழையில்லாத நாள்களின் பிற்பகலில் 60 விழுக்காட்டளவில் இறங்குவதும் இங்கே வழக்கம் என்பதால், பிற்பகலே ஏற்ற நேரம். காற்றின் வெப்பம் 30 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 26 பாகையிலேயே பனி படியத் தொடங்கும். தகட்டின் வெப்பம் அதைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கம்பிரசரின் குழாயில் நீர்ப்பிரிப்பான் இல்லாமல் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியை எடுக்கவே கூடாது.

எபாக்ஸியின் மேல் மெல்லிய பட்டி, அதன்மேல் தடித்த டூ-கே பிரைமர் (இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இருகூறு வகை). கறுப்புத் தூளைப் பரவலாகப் பூசி, நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால், கறுப்பு எஞ்சும் இடமெல்லாம் பள்ளம் என்று தெரிந்துவிடும். வினைல் மறைத்த மேடுபள்ளங்களில் ஒன்றைக்கூடப் பளபளக்கும் பெயின்ட் மறைக்காது. இந்தக் கட்டத்தில் அவசரப்படுபவரின் உழைப்பெல்லாம் வீணாகிவிடும்.

இறுதிப் பூச்சை வண்ணக்கூடம் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள் என்று வலியுறுத்துகிறேன். டூ-கே பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதித்துத் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; சாதாரண முகக்கவசம் போதாது, தனிக் குழாயில் தூய காற்று தரும் கவசம் வேண்டும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்யும் வேலை இதுவல்ல. சின் மிங், காக்கி புக்கிட் வட்டாரப் பட்டறைகளில் விசாரிக்கும்போது, தகட்டு வேலையை நீங்கள் முடித்துக் கொண்டுவந்தால் பூச்சை மட்டும் செய்வார்களா என்று கேளுங்கள்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, கூரையைக் காரின் நிறத்திலேயே பூசுவதாக இருந்தால் புது நிறத்தைத் தூண்களில் பழைய நிறத்தோடு படிப்படியாகக் கலக்கவிட வேண்டியிருக்கும், இரண்டையும் பொருந்தச் செய்வது சிரமம். வெள்ளையோ வெளிர்நிறமோ என்றால் பழைய பட்டையின் கோட்டிலேயே நிறத்தை நிறுத்தலாம், கறுப்பு வினைலைவிட உள்ளே சூடும் குறையும். பூச்சு நன்கு இறுகிய பிறகே புது ரப்பரோடு கண்ணாடிகளைப் பொருத்த வேண்டும். நிறம் மாறியிருந்தால் அதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.