மானியக் கோரிக்கை நாள்: நம் ஊருக்கான பணத்தை நாடாளுமன்றத்தில் பின்தொடர்வது எப்படி?

ஐந்தொகை பார்த்துப் பழகிய வீடுகள் செட்டிநாட்டில் இன்னும் உண்டு. எந்தத் தலைப்பில் போன வருஷம் எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று பேரேட்டைப் புரட்டிச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மத்திய அரசின் மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுச் செலவுக்கு மக்களவையிடம் கேட்கும் தொகை) புரியாத சங்கதி அல்ல. எந்த ஆவணத்தை எடுப்பது, எந்த நேரத்தில் எந்த அவையைப் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் கேட்டால் பலன் உண்டு என்பது தெரிந்தால் போதும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் (நாம் சொல்லும் சிக்ரி) நம் பக்கத்து ரயில் பாதைகளையும் வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை மக்களவைக்கு மட்டுமே. அரசியலமைப்பின் 113ஆவது பிரிவுப்படி ஒரு கோரிக்கையை ஏற்கவோ மறுக்கவோ தொகையைக் குறைக்கவோ அந்த அவையால் முடியும்; கூட்ட முடியாது. மாநிலங்களவை மானியக் கோரிக்கைகளில் வாக்களிப்பதில்லை. ஆகவே “மாநிலங்களவையில் நம் ஊருக்கு நிதி ஒதுக்கினார்கள்” என்று யாராவது எழுதினால் அது தவறு. அதற்காக அந்த அவையை விட்டுவிடவும் கூடாது. காரணம் கீழே வருகிறது.

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் தாக்கலான மதியமே நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் தளத்தில் செலவின ஆவணம் வந்துவிடும். துறை வாரியாகக் கோரிக்கை எண் போட்டிருக்கும். எண் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். துறையின் பெயரைக் கொண்டே தேடுங்கள். சிக்ரிக்கு நீங்கள் திறக்க வேண்டியது அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வரும் ‘அறிவியல் தொழில் ஆராய்ச்சித் துறை’ கோரிக்கை. அங்கே காரைக்குடி என்ற பெயர் இருக்காது. சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம்) என்ற ஒரே தலைப்புக்குள் நாடு முழுக்க உள்ள ஆய்வகங்கள் எல்லாம் அடக்கம்.

நான்கு பத்திகளில் தொகை தந்திருப்பார்கள்: போன ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு பட்ஜெட் மதிப்பீடு, நடப்பாண்டு திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு பட்ஜெட் மதிப்பீடு. செய்தித்தாள்கள் பெரும்பாலும் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துப் போடும். நீங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒதுக்கியது 100, திருத்தியது 70 என்றால் அந்தத் துறை அந்த ஆண்டு பணத்தைச் செலவழிக்க முடியாமல் திருப்பிக் கொடுக்கிறது, அல்லது நிதி அமைச்சகம் பாதி வழியில் கை வைத்திருக்கிறது. வரும் ஆண்டுக்கு மறுபடியும் 100 என்று போட்டால் அதை உயர்வு என்று கொண்டாடுவது கணக்குத் தெரியாதவர் செய்யும் வேலை. வருவாய்க் கணக்கையும் மூலதனக் கணக்கையும் சேர்த்துக் கூட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. சம்பளமும் ஓய்வூதியமும் முதலாவதில். கட்டடமும் பாதையும் இரண்டாவதில்.

ரயிலுக்கு வேறு புத்தகம் வேண்டும். ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது. பாதை வாரியான ஒதுக்கீடு ‘பிங்க் புக்’ என்ற தனிப் புத்தகத்தில் வரும். அதில் தெற்கு ரயில்வே பகுதியைப் பாருங்கள். தொகையைப் படிக்கும் முன் தலைப்பில் அச்சிட்டிருக்கும் அலகைப் பாருங்கள். அங்கே தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இருக்கும். ஒரு புதிய பாதைக்கு எதிரே ‘1’ என்று மட்டும் இருந்தால் அது ஒரு கோடி அல்ல, 1,000 ரூபாய். பட்டியலிலிருந்து திட்டத்தின் பெயர் விழுந்துவிடாமல் வைத்திருக்கப் போடும் அடையாளத் தொகை அது. “பட்ஜெட்டில் இடம்பெற்றது” என்ற வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டும் முன் அந்த ஒற்றை இலக்கத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

இனி வாக்கெடுப்பு நாள். பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பாதியில், மார்ச்சில், மக்களவையில் நடக்கும். சன்சத் டிவியில் நேரலை உண்டு. அவை 11 மணிக்குக் கூடும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம், 12 மணிக்கு அவையில் வைக்கப்படும் ஆவணங்கள், அதன் பின் பூஜ்ய நேரம் (உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம்). கோரிக்கை விவாதம் பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். எந்தெந்த அமைச்சகம் விவாதத்துக்கு வரும் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே முடிவு செய்யும். நூறைத் தொடும் கோரிக்கைகளில் ஒருசில அமைச்சகங்களுக்கே அந்த வாய்ப்பு. மிச்சமெல்லாம் கடைசி நாளில், குறித்த நேரம் வந்ததும், விவாதமின்றி ஒரே மூச்சில் வாக்குக்கு விடப்படும். இதற்குப் பெயர் ‘கில்லட்டின்’. 2018லும் 2023லும் அமளிக்கு நடுவே எல்லாக் கோரிக்கைகளும் இப்படித்தான் நிறைவேறின. பல லட்சம் கோடி ரூபாய் ஒரு வார்த்தை பேசாமல் போவது சின்ன விஷயமல்ல. ‘நம்ம துறை இன்று வரும்’ என்று நாள் முழுக்கக் காத்திருப்பதைவிட, காலையிலேயே மக்களவைத் தளத்தில் அன்றைய அலுவல் பட்டியலைப் பார்ப்பது மேல்.

வெட்டுத் தீர்மானங்களை, அதாவது கோரிக்கைத் தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் கொண்டுவருபவற்றைக் கவனியுங்கள். மூன்று வகை. கொள்கையையே எதிர்த்தால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது. சிக்கனம் கேட்டால் குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கச் சொல்வது. ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் 100 ரூபாய் குறைக்கச் சொல்வது. உள்ளூர்ப் பிரச்சினை பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் ஏறும். இவை தோற்றுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்று வென்றால் அரசுக்கு அவையின் நம்பிக்கை இல்லை என்றே பொருளாகும். ஆனாலும் அந்த வாசகம் அவைக் குறிப்பில் அச்சாகி நிற்கிறது, பின்னால் மேற்கோள் காட்டலாம்.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு. அதில் யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பதிவாகாது. “நம் எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போட்டார்” என்று சொல்ல வேண்டுமானால் ‘டிவிஷன்’ நடந்திருக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் கேட்டால் சபாநாயகர் மணி அடிக்கச் சொல்வார். மூன்றரை நிமிஷம் ஒலிக்கும், கதவுகள் அடைபடும், பிறகு பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் பட்டியலில்தான் பெயர் இருக்கும்.

எல்லாத் தொகைக்கும் வாக்கெடுப்பு உண்டா என்றால் இல்லை. குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் சம்பளமும் அரசுக் கடனுக்கான வட்டியும் வாக்கு இல்லாமலே கழிந்துவிடும். அவற்றைப் பற்றிப் பேச மட்டும் செய்யலாம். 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி, அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. வட்டிக்கு ஒதுக்கிய பிறகுதான் மற்றது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கோரிக்கைகள் நிறைவேறியதும் அந்தப் பணத்தை அரசுக் கருவூலத்திலிருந்து எடுக்க அனுமதிக்கும் நிதி ஒதுக்க மசோதா. இது பண மசோதா என்பதால் மாநிலங்களவைக்குப் போய் 14 நாளுக்குள் திரும்ப வேண்டும். பரிந்துரை சொல்லலாம், மக்களவை கேட்டாலும் கேட்கும், தள்ளினாலும் தள்ளும். அதனால்தான் அங்கே வரும் தீர்மானத்தில் ‘நிறைவேற்றுக’ என்று இருக்காது, ‘திருப்பி அனுப்புக’ என்றே இருக்கும்.

பிறகு மாநிலங்களவையிடம் எதற்குப் போவது? இரண்டு காரணம். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டத்தொடரின் நடுவே விடும் இடைவேளையில் கோரிக்கைகளை வரி வரியாகப் பார்ப்பது இவர்கள்தான், துறைச் செயலரைக் கூப்பிட்டுக் கேட்பதும் இவர்கள்தான். இவற்றில் 8 குழுக்களை மாநிலங்களவைச் செயலகம் நடத்துகிறது. அறிவியல் தொழில்நுட்பக் குழு அதில் ஒன்று. சிக்ரியின் பணம் உண்மையில் ஆராயப்படும் மேசை அது. (1953 ஜனவரி 14இல் சிக்ரியைத் திறந்துவைத்த ராதாகிருஷ்ணன்தான் அப்போது மாநிலங்களவையின் தலைவர். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம் அது.) மனு கொடுக்க நினைப்பவர்கள் மார்ச்சில் கிளம்பினால் வண்டி போயிருக்கும். பிப்ரவரி முதல் வாரத்திலேயே ஒரே பக்கத்தில், தொகைகளோடு, குழு உறுப்பினரின் கையில் சேருங்கள்.

இரண்டாவது, கேள்வி. மாநிலங்களவையில் கேள்வி நேரம் 12 மணிக்கு. 11 மணிக்குப் பூஜ்ய நேரம். மக்களவைக்கு நேர் மாறு என்பதால் பலர் நேரலையைத் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடம். நம் தொகுதிக்கு மக்களவையில் ஒரே எம்.பி. என்றாலும் இங்கே 18 கதவைத் தட்டலாம். கேள்விக்கான நோட்டீஸ் குறைந்தது 15 நாள் முன்னதாகப் போக வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முறை. நட்சத்திரக் கேள்விக்கு வாய்மொழிப் பதில், குலுக்கலில் வந்தால்தான். தொகை மட்டும் வேண்டுமானால் நட்சத்திரமில்லாத கேள்வியே போதும். எழுத்தில் பதில் வரும். வாசகம் இப்படி இருக்கட்டும்:

(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஆண்டு வாரியாக;
(ஆ) இரண்டுக்கும் வேறுபாடு இருப்பின் காரணம்;
(இ) நிரப்பப்படாத விஞ்ஞானி பணியிடங்கள் எத்தனை.

“அரசு நடவடிக்கை எடுக்குமா?” என்று கேட்காதீர்கள். “பரிசீலனையில் உள்ளது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் கொடுத்தாக வேண்டும்.

மார்ச்சில் விட்டது போகட்டும் என்றால், ஆண்டின் நடுவே கூடுதல் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கை இருக்கிறது. பெரும்பாலும் மழைக்கால, குளிர்காலக் கூட்டத்தொடர்களில் வரும், பட்ஜெட் தொடரிலும் இன்னொன்று. முதல் பக்கத்தில் மொத்தக் கூடுதல் செலவு என்று பெரிய தொகை இருக்கும். அதற்குக் கீழே ‘நிகர ரொக்கச் செலவு’ என்ற வரியைத் தேடுங்கள், புதிதாக வெளியேறும் பணம் அதுதான். மிச்சம் ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றில் போடும் மாற்று வரவு. உள்ளே சில வரிகளில் 0.01 கோடி, அதாவது 1 லட்சம் ரூபாய் மட்டும் கேட்டிருப்பார்கள். அந்த வரியின் அடிக்குறிப்பைப் படியுங்கள்: எந்தத் திட்டத்தில் மிஞ்சிய தொகை எதற்குப் போகிறது என்று அங்கேதான் எழுதியிருக்கும்.